முதல் மாடியில் நின்ற கூடை

மளிகைக் கடைக்குக் கயிற்றில் இறக்கிய கூடை நேராகக் கீழே போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. பாதி வழியில், முதல் மாடி பால்கனியிலிருந்து ஒரு கை நீண்டு கயிற்றைப் பிடித்தது.

இரண்டாம் மாடியில் கயிற்றின் மறுமுனையை வைத்திருந்த ஷஹீரா உள்ளே திரும்பி, "உன் அம்மா கூடையை நிறுத்திட்டாங்க. அவங்களுக்கும் ஏதாவது வாங்கணும் போல," என்றாள்.

உள்ளே மேஜை டிராயரைக் குடைந்துகொண்டிருந்த அவள் கணவர் ரிஃபாத்துக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. "இங்க ஒரு தாள் வெச்சிருந்தேனே, பார்த்தியா?"

"பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சே, அதுவா? அதுலதான் மளிகைக்கடை பயூமிக்குச் சீட்டு எழுதி அனுப்பியிருக்கேன். முட்டை பத்து, சீஸ் கால் கிலோ."

ரிஃபாத் டிராயரை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

அந்தத் தாளின் முன்பக்கம் அவருடைய நான்கு வருஷ உழைப்பு. நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம் 'கனடா போகலாம்', மறுபக்கம் 'வேண்டாம்'. ரிஃபாத் அரசாங்கத்தில் எடை அளவு ஆய்வாளர். எகிப்தில் எங்கள் மன்ஸூரா நகரத்தில் எந்தக் கடைத் தராசு எத்தனை கிராம் விழுங்குகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சொந்த விஷயத்தை மட்டும் நான்கு வருஷமாக நிறுத்துக்கொண்டே இருந்தார், முள் நடுவை விட்டு அசையவில்லை. மகள் ஹனீனின் படிப்பு ஒரு பக்கம், ஆறு மாதப் பனி மறுபக்கம். நல்ல சம்பளம் ஒரு பக்கம், அப்பா ஆளுக்கொரு மாடி என்று கட்டிவைத்த இந்த வீடு மறுபக்கம். மூன்றாம் மாடி தங்கை அமானிக்கு. அவள் பத்து வருஷத்துக்கு முன்பே கனடா போய்விட்டாள், மாடி பூட்டிக் கிடக்கிறது.

'போகலாம்' பக்கத்தில் ஏழாவது வரி: அம்மா கதவைத் தட்டாமல் உள்ளே வருவது நிற்கும்.

'வேண்டாம்' பக்கத்தில் ஏழாவது வரி: அம்மா வருவது நிற்கும்.

இதை அம்மா பார்க்கக் கூடாது. எங்கள் ஊரில் வெளிநாடு போகிறவன் விமானத்தில் பெல்ட் போட்ட பிறகுதான் கூடப் பிறந்தவனுக்கே போன் செய்வான். முன்னாடியே சொன்னால் கண் பட்டுவிடுமாம். நாங்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே ஏஜென்ட்டின் வாசலில் சந்தித்துக்கொண்டு, "பல்வலி, டாக்டரைப் பார்க்க வந்தேன்" என்று சொல்கிற ஜனங்கள். ஆனால் ரிஃபாத் மறைத்ததற்குக் கண்ணேறு மட்டும் காரணமில்லை. சொன்னால் அம்மா அழுவார். அம்மா அழுதால் தன்னால் போக முடியாது. இந்த மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் போகாவிட்டால் அவருக்கு வயது ஏறிவிடும், அப்புறம் எந்தக் காலத்திலும் போக முடியாது.

பால்கனிக்கு ஓடி எட்டிப் பார்த்தார். கீழே அவர் அம்மா ஹாஜிம்மா இன்ஷிராஹ் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தாளைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ரிஃபாத், இது என்னடா? முட்டைக்குப் பின்னாடி கனடா இருக்கு."

"அது ஹனீனோட வீட்டுப்பாடம்மா. கட்டுரை. குடும்பத்தோட வெளிநாடு போறதுல நல்லது எது, கெட்டது எதுன்னு எழுதணுமாம்."

"கையெழுத்து கோழி கிண்டினாப்ல இருக்கே. உன்னோடது மாதிரி."

"என் பொண்ணுதானேம்மா."

ஹாஜிம்மா படித்தார். உதடு வரி வரியாக அசைந்து வந்து ஓரிடத்தில் நின்றது. ரிஃபாத் பால்கனிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா கதவைத் தட்டாம உள்ள வர்றாங்களாமே," என்றார் ஹாஜிம்மா. "பாவம் குழந்தை. ஏன் ஷஹீரா, வயசுக்கு வந்த பொண்ணு ரூமுக்குள்ள அப்படியா நுழையறது?"

ஷஹீரா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "இனிமே தட்டிட்டுப் போறேன் அத்தை," என்றாள்.

ஹாஜிம்மா தாளைக் கூடையில் போட்டார். கூடவே ஒரு பழுப்பு உறையையும் வைத்தார். "டாக்டர் சீட்டு. பயூமியை நகல் எடுத்து வெக்கச் சொல்லு."

பயூமியின் மளிகைக் கடையில் சீஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நகல் இயந்திரம் உண்டு. எங்கள் தெருவில் பாதிப் பேருடைய சான்றிதழ்கள் சீஸ் வாடை அடிப்பது அதனால்தான். கூடை திரும்பி மேலே வந்தபோது முட்டை இருந்தது, சீஸ் இருந்தது, தாளும் இருந்தது. 'வேண்டாம்' பக்கத்தில் 'அங்கே முலூகியா கீரை கிடைக்காது' என்ற வரியைப் பேனாவால் அடித்து, ஓரத்தில் எழுதியிருந்தது: 'ஃப்ரீசரில் வைத்தது இப்போது எல்லா ஊருக்கும் போகிறது. பயூமி.'

பதினான்கு வயது ஹனீனிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவள் பதறவில்லை.

"சரி, என் கட்டுரைதான்னு சொல்றேன். என் ரூமுக்குத் தாழ்ப்பாள் வேணும்."

"அடிப்பாவி, தாழ்ப்பாளா?"

"பாட்டியே சொல்லிட்டாங்களே, பாவம் குழந்தைன்னு."

தாழ்ப்பாள் மறுநாளே வந்தது. அதோடு முடிந்தது என்று ரிஃபாத் நினைத்தார். சாயங்காலம் கதவு திறந்தது. யாரும் தட்டவில்லை. ஹாஜிம்மா ஒரு தட்டு பஸ்பூஸா என்கிற ரவை இனிப்போடு உள்ளே வந்து சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எங்க அந்தக் கட்டுரை? நானும் உதவி பண்றேன். எழுதிக்கோ ஹனீன். பிள்ளைங்க வெளிநாடு போனதால எந்த அம்மாவும் செத்ததில்ல."

ரிஃபாத்துக்குத் தேநீர் புரையேறியது. "அப்படிச் சொல்லாதம்மா. தனியா இருக்கிற அம்மா என்ன பண்ணுவாங்க?"

"ஏன், அவங்களுக்குக் கை கால் இல்லியா?"

"மூட்டு வலி இருக்கே."

"மூட்டு வலிக்கு வான்கூவர் நல்லது. பனி அவ்வளவா கிடையாது, மழைதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"டிவில சொன்னான். நீ எழுதிக்கோ ஹனீன்."

ஒரு வாரம் இது நடந்தது. தினமும் சாயங்காலம் அம்மா 'போகலாம்' பக்கத்துக்கு வரி சேர்ப்பார், மகன் 'வேண்டாம்' பக்கத்துக்குப் போராடுவார். போக ஆசைப்படுகிறவர் இருக்கச் சொல்லி வாதாடுவதும், விட்டுக்கொடுக்க மாட்டார் என்று நினைத்த அம்மா மூட்டையே கட்டிக் கொடுப்பதும் ஷஹீராவுக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்தது. சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு பார்த்தாள். ரிஃபாத்தால் தாங்க முடியவில்லை. எட்டாம் நாள், "கட்டுரையைக் கொடுத்தாச்சும்மா," என்று சொல்லிவிட்டார்.

"எத்தனை மார்க்?"

"பத்துக்கு ஏழு."

ஏழு என்று ஏன் சொன்னோம் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. பொய் மார்க்கைப் பத்தாகப் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள். பொய்யிலும் நேர்மையாக நிறுத்துப் போடுகிற உத்தியோகப் பழக்கம்.

"ஏழா?" ஹாஜிம்மா எழுந்துவிட்டார். "நான் சொல்லிக் கொடுத்ததுக்கு ஏழா? நாளைக்கு ஸ்கூலுக்கு வரேன். அந்த டீச்சரை நானே கேக்கறேன்."

அம்மா சொன்னால் செய்கிறவர். முப்பது வருஷத்துக்கு முன்பு ரிஃபாத்தின் கணக்கு வாத்தியார் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டுப் போனதற்கு அவர்தான் காரணம். ஆகவே அன்று சாயங்காலமே ஹனீன் உட்கார்ந்து நிஜமாகவே ஒரு கட்டுரை எழுத வேண்டியதாயிற்று. கூலி, புது போன். காலையில் பாட்டி வருவதற்குள் அதை டீச்சர் கையில் கொடுத்தாள். ஹாஜிம்மா போய்ச் சேர்ந்தபோது டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்துக்குப் பத்து. மறுநாள் காலைக் கூட்டத்தில் அதை மொத்தப் பள்ளிக்கும் வாசித்தும் காட்டினார்கள்.

முதல் வரி இப்படி இருந்தது: 'என் அப்பா கனடா போக ஆசைப்படுகிறார், ஆனால் சொல்லப் பயப்படுகிறார்.'

மதியத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் வந்து வாஷிங் மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு, "வேற யாருக்கும் வாக்குக் கொடுத்துடாதீங்க," என்று சொல்லிப் போனாள். அலுவலகத்தில் ரிஃபாத்தின் ஜன்னலோர நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தராசில் காந்தம் ஒட்டியதற்காக ரிஃபாத்திடம் இரண்டு தடவை மாட்டிய கசாப்புக்கடைக்காரர், கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்.

"இன்னும் முடிவே பண்ணலீங்க," என்றார் ரிஃபாத் எல்லாரிடமும்.

"அப்படித்தான் சொல்லணும். கண்ணு படும்," என்றார்கள் எல்லாரும்.

அம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் ரிஃபாத்தை அரித்தது. ஒரு அழுகை இல்லை, ஒரு சண்டை இல்லை. இரண்டு நாள் மேலேயும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது கதவு தட்டப்பட்டது. மெதுவாக, மூன்று தடவை.

"யாரு?" என்றார் ரிஃபாத்.

"நான்தான்டா. உள்ள வரலாமா?"

ரிஃபாத் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். நாற்பத்துநாலு வருஷத்தில் அம்மா அவருடைய கதவைத் தட்டியதில்லை. கல்யாணமான மறுநாள் காலையில்கூடத் தட்டாமல்தான் காலை உணவோடு வந்து நின்றார். ஷஹீரா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். எழுந்து கதவைத் திறந்தார். வாசலில் அம்மா முலூகியா சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி நின்றார். சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டியிருக்க வேண்டும். அந்த முட்டி வலியோடு குனிந்து.

"ஏம்மா தட்டறே?"

"பழகிக்கிறேன்டா," என்றார் ஹாஜிம்மா. "சாப்பிடு, ஆறிடும். போறவன் வயித்தை நிரப்பிட்டுப் போகணும்."

ரிஃபாத் முலூகியாவைப் பாதி கண்ணீரோடு சாப்பிட்டார். மீதியை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. நான்கு வருஷமாக நடுவில் நின்ற முள் ஒரே தட்டலில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அம்மா கீழே இறங்கிப் போன பிறகு ஷஹீராவிடம் சொன்னார்.

"நான் போகல. அம்மாவை இப்படி விட்டுட்டுப் போனா நான் மனுஷனே இல்ல."

ஷஹீரா விளக்கமெல்லாம் கேட்கவில்லை. "போறேன்னாலும் சரி, இருக்கேன்னாலும் சரி, ஒண்ணைச் சொல்லுன்னுதான் நாலு வருஷமா கேக்கறேன். சொல்லிட்டே. அது போதும்," என்றாள். பிறகு கொஞ்சம் குரல் தழைந்து, "எனக்கும் அந்தத் தட்டுற சத்தம் பிடிக்கல ரிஃபாத்," என்றாள்.

ஹனீன் மட்டும், "போன் திருப்பித் தர மாட்டேன்," என்றாள்.

அன்று ரிஃபாத் பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார். தியாகம் செய்தவருடைய தூக்கம். காலையில் கண்ணாடியில் பார்த்தபோது தன் முகமே கொஞ்சம் அழகாகிவிட்டது போலத் தோன்றியது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வசனம் எல்லாம் யோசித்து வைத்தார். அம்மா அழுவார், தான் அவர் கையை முத்தமிடலாம், தெருவே பேசும். அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. விண்ணப்பத்துக்காக நகல் எடுக்கச் சொல்லி, பாஸ்போர்ட்டுகளைப் பயூமியிடம் கொடுத்து வைத்திருந்தார்.

பயூமி ஆலிவ் நிறுத்துக்கொண்டிருந்தார். ரிஃபாத்தைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் இரண்டு ஆலிவ் கூடப் போட்டார்.

"வாங்க இன்ஜினியரே. நகல் எல்லாம் தயார்." சட்டைப்பையில் பேனா வைத்திருந்தால் எங்கள் ஊரில் இன்ஜினியர்தான்.

"நகல் வேண்டாம் பயூமி. பாஸ்போர்ட்டை மட்டும் கொடுங்க. நான் போகல."

பயூமியின் கை தராசு மேலேயே நின்றது. "போகலியா?"

"இல்ல. அம்மாவைத் தனியா விட மனசு வரல. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க, அவங்ககிட்ட நானே என் வாயால சொல்லணும்." அந்த இடத்தில் ரிஃபாத்தின் குரல் அவரே எதிர்பார்த்தபடி தழுதழுத்தது. "அம்மாதானே எல்லாம்."

பயூமி ஆலிவை அப்படியே விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். சீஸ் பெட்டிக்குப் பின்னாலிருந்து அந்தப் பழுப்பு உறையை எடுத்தார், திறக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டார். ரிஃபாத் அதைப் பார்த்துவிட்டு, "அம்மாவோட டாக்டர் சீட்டா? கொடுங்க, நானே கொண்டு போறேன்," என்று கையை நீட்டினார்.

"எட்டு மாசமா விஷயத்தைப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன், ஹாஜிம்மா சத்தியம் வாங்கியிருந்தாங்க," என்றார் பயூமி. "இது ஹாஜிம்மாவுக்கு அமானி எடுத்துக் கொடுத்த கனடா விசா, வர்ற வியாழக்கிழமைக்குப் போன வாரம் எடுத்த டிக்கெட்டும் இதுக்குள்ள இருக்கு, அவங்களும் உங்கள மாதிரியே ஒரு தாள்ல கோடு போட்டு எழுதி வெச்சிருந்தாங்க இன்ஜினியரே, 'வேண்டாம்' பக்கத்துல 'ரிஃபாத்தை எப்படித் தனியா விடுறது'ன்னு ஒரே ஒரு வரிதான், உங்க தாள் முதல் மாடியில நின்ன அன்னிக்குத்தான் அதை அடிச்சாங்க."