மாமனாரின் கைராசி

மூடியைத் திறந்த மாப்பிள்ளை, திறந்த வேகத்தில் மூடினார். உள்ளே சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சை, போர்வை போர்த்தியதுபோல் படுத்திருந்தது.

மாமனார் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனபோது, தோட்டத்தில் இருந்த, கரி போட்டு மூடிச் சுடும் பீங்கான் கிரில் அடுப்பை மகள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். "இத்தனை வருஷத்துல ஒரு புள்ளி பூஞ்சை பிடிச்சதில்ல. எல்லாம் என் கைராசி!" என்று சொல்லித்தான் கொடுத்தார். இன்று சாயங்காலம் அதில் சமைக்க மாமியாரோடு வருகிறார்.

வேலை போய் மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தில், ஞாயிறுதோறும் கூப்பிட்டு இதே அடுப்பில் கோழி சுட்டுப் போட்டவர் அவர். ஒரு நாள்கூட வேலை என்னாச்சு என்று கேட்டதில்லை. அந்த நன்றியைச் சொல்ல மாப்பிள்ளைக்கு வாய் வரவில்லை. அடுப்பையாவது பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம் என்று காற்றுத் துவாரங்களை இறுக மூடி, தார்ப்பாய் போட்டுக் கட்டி வைத்திருந்தார்.

"காத்தே போகாம கட்டி வச்சா, பூஞ்சை பிடிக்காம பூவா பூக்கும்?" என்றாள் மனைவி.

"ஒரு வாளித் தண்ணியில முடிஞ்சிடும், பாரு."

சோப்புத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தார். உள்பக்கம் மெருகில்லாத பீங்கான் அதை ஆசையாகக் குடித்தது. இப்போது பூஞ்சை நாற்றத்தோடு எலுமிச்சை வாசனையும் சேர்ந்துகொண்டது.

ஈரம் காய மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்தார். தேய்க்க மறந்த மூடியின் உட்புறத்திலிருந்து பூஞ்சைத்தூள் கிளம்பி, கொடியில் காய்ந்த வெள்ளைத் துணிகளில் போய் உட்கார்ந்தது.

"ஐயோ, விசிறியை நிறுத்துங்க! கரியைப் போட்டு, துவாரத்தையெல்லாம் திறந்துவிட்டு, முதல்ல சின்னதா எரிய விடணுமாம். ஈரம் போனதும் நல்லா எரிச்சா பூஞ்சை கருகிடுமாம்."

"யார் சொன்னா?"

"இப்பதான் போன்ல அம்மாவைக் கேட்டேன்."

"போட்டுக் குடுத்துட்டியா! அத்தைக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா செய்யறதைப் பாத்திருப்பாங்க. பயப்படாதீங்க, அவர்கிட்ட சொல்ல மாட்டாங்க."

தீ நன்றாகவே எரிந்தது. அணைப்பதற்காகத் துவாரங்களை மூடியவர் அதோடு விட்டிருக்கலாம். பூஞ்சை போய்விட்டதா என்று பார்க்கும் ஆவலில் மூடியைப் படாரென்று தூக்கினார். காற்றுக்கு ஏங்கியிருந்த தீ குப்பென்று எழுந்தது. பூஞ்சை போயிருந்தது. இரண்டு புருவங்களும் போயிருந்தன.

ஆறியதும் கம்பிகளைச் சுரண்டி, சாம்பலை அள்ளிக் கொட்டினார்.

சாயங்காலம் தொப்பியை நன்றாக இறக்கிவிட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். முன்னால் மாமனார், பின்னால், எப்போதும்போல் தீட்டிய புருவத்தோடு மாமியார்.

அடுப்புக்குள் எட்டிப் பார்த்த மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னைவிட நல்லா பாத்துக்கிட்டீங்க மாப்பிள்ளை. ரொம்ப நன்றி."

"நான்தான் மாமா உங்களுக்கு நன்றி சொல்லணும். வேலையில்லாம இருந்தப்ப முகம் கோணாம சோறு போட்டீங்களே, அதை நான் எப்படி மறப்பேன்!" இத்தனை நாள் வராத வார்த்தை, அழுகையோடு வந்தது.

"அட, விடுங்க. அப்படியே என் கைராசி உங்களுக்கும் வந்துடுச்சு!" என்று தோளில் தட்டிவிட்டு மாமனார் கரி எடுக்கப் போனார்.

மாமியார் மெல்ல வந்து தொப்பியைத் தூக்கிப் பார்த்தார். கைப்பையைத் திறந்து, புருவம் தீட்டும் பென்சிலை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார்.

"இனிமே இது உங்களுக்குத்தான் வேணும் மாப்பிள்ளை. அவர் வெளியில போற நேரமா பாத்துப் பூஞ்சையை எரிச்சு எரிச்சு, இத்தனை வருஷமா எனக்குச் சொந்தப் புருவமே நின்னதில்ல!"