சிவப்புப் பேனையும் எறியக் கணக்கும்

எதையாவது திருத்தியே தீருவேன் என்று கிளம்புகிறவனின் கையில் சிவப்புப் பேனை கிடைக்கக் கூடாது. யுத்த காலத்துக் கொழும்பில், அதுவும் தமிழனின் கையில், கிடைக்கவே கூடாது. எனக்குக் கிடைத்தது.

உயர்தரப் பரீட்சைக்குக் கணிதம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக இணையத்தில் ஒரு கருத்துக்களம் இருந்தது. கொட்டாஞ்சேனையில் இருந்த ஜெரோம் அண்ணா அதை நடத்தினார். அங்கே யாரும் எந்தக் கணக்கையும் கேட்கலாம், தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். நான் எழுதும் பதில் எப்போதும் ஒரே வரிதான்: ‘இலகுவில் காட்டலாம்.’ (உண்மையில் நான் காட்டிப் பார்த்ததில்லை.) என் அக்கா சுமதியோ ஒவ்வொரு படியையும் எழுதிப் பக்கம் பக்கமாக நிரப்புவாள். களத்தின் தரம் இதனால்தான் கெடுகிறது என்று நான் முடிவு கட்டினேன்.

வெள்ளவத்தை நெட் கபே ஒன்றில் பதில்களையெல்லாம் அச்செடுத்து, நீக்க வேண்டியவற்றின் மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் அடையாளம் போட்டேன். ஜெரோம் அண்ணாவிடம் கொடுப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். தன் பதில்களுக்காக வாதாட அக்காவும் கூடவே வந்தாள்.

“அப்ப விளங்காத பிள்ளை எங்க போறது?” என்று கேட்டாள்.

“விளங்காதவை வேற பாடம் எடுக்கட்டும்.”

கொள்ளுப்பிட்டி தாண்டியதும் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டினோம். சார்ஜன்ட் என் பையைத் திறந்தார். மேலே இருந்தது எறியம், அதாவது எறிந்த பொருள் போகும் பாதை, பற்றிய பகுதி. ஒரு கோபுரம், அதை நோக்கி வளைந்து போகும் கோடு, கோணம், தூரம், வேகம். கோபுரத்தின் மேல் என் கையால் போட்ட சிவப்புப் பெருக்கல். அடுத்த தாளில் ஒரு சுவர், அதற்கும் பெருக்கல்.

“மேக்க மொகத்த?” என்றார், இது என்ன என்று.

“கணக்கு, சேர்,” என்றேன்.

பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. ஜீப் ஒன்று வந்து நின்றது. தன் மகளும் உயர்தரத்தில் கணிதம்தான் படிக்கிறாள், எனவே தன்னை ஏமாற்ற முடியாது என்று சார்ஜன்ட் சிங்களத்தில் சொன்னார். பிறகு வெற்றுத் தாளையும் பேனையையும் நீட்டி, கோபுரக் கணக்கைப் பார்க்காமல் இங்கேயே செய்து காட்டு என்றார்.

பழக்க தோஷத்தில் ஒரு வரி எழுதி, கீழே விடையைப் போட்டேன். நடுவில் உள்ளது எங்கே என்று கேட்டார். நடுவில் உள்ளதை எழுதப் போனேன். கூட்டலுக்குப் பதில் கழித்தல் போட்டேன். கணக்கில் கோபுரத்தை நோக்கி எறிந்த கல், எறிந்தவனுக்குப் பின்னால் போய் விழுந்தது. சார்ஜன்ட் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். இனி வீட்டைக் காண மாட்டேன் என்றே நினைத்தேன்.

“வாயைப் பொத்திக்கொண்டு அங்கால நில்லடா,” என்று அக்கா பேனையைப் பறித்தாள்.

சாவடி மண்மூட்டையின் மேல் வேறொரு தாளை வைத்து, ஏதோ பின்தங்கிய மாணவனுக்கு எழுதுவது போல நிதானமாக எழுதினாள். கிடைத் திசை தனியாக, நிலைக்குத்துத் திசை தனியாக, ஒரு படியும் விடாமல். x, y எல்லாம் சிங்களத்திலும் அதேதானே. சார்ஜன்ட் விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். ஓரிடத்தில் நிறுத்திக் கேட்டார். அவள் தெரிந்த சிங்களத்தில் இன்னும் ஒரு படி சேர்த்தாள். கல் கோபுர உச்சியிலேயே விழுந்தது. அவர் தலையசைத்தார்.

எங்களைப் போகச் சொன்னார். அக்கா எழுதிய தாளை மட்டும் மகளுக்கென்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் வரியை யாரும் கேட்கவில்லை.

கதையைக் கேட்ட ஜெரோம் அண்ணா என் தாள்கட்டைப் பிரிக்கவே இல்லை. படிமுறை இல்லாத பதில் நீக்கப்படும் என்று அன்றே களத்தின் உச்சியில் எழுதிப் போட்டார். முதலில் நீக்கப்பட்டவை என்னுடையவை.

ஆண்டுகள் பல போய்விட்டன. போன வாரம் அக்கா வீட்டில், “மீன் வாங்கினீங்களா?” என்று என் மனைவி கேட்டாள். “இல்லை,” என்றேன். உள்ளேயிருந்து அக்காவின் மகள் கத்தினாள்:

“படிமுறை காட்டுங்கோ மாமா, இல்லாட்டி ஜீப்பில ஏத்துவினம்!”

வீடே சிரித்தது. நான் வெள்ளவத்தைச் சந்தைக்கு நடக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு படியும் விடாமல் சொல்ல ஆரம்பித்தேன்.