என் டான்சிலும் கெடார் பஸ்ஸும்

குறட்டை விடுகிறவனுக்குத் தன் குறட்டை கேட்பதில்லை. ஊரே சாட்சி சொல்லும்போது, தான் செய்தது இன்னதென்று தெரியாமல் விழிக்கிற ஒரே குற்றவாளி அவன்தான். நான் பல ஆண்டுகள் அப்படி விழித்தேன். மற்ற நேரமெல்லாம் தூங்கினேன்.

இப்போது இந்த வியாதிக்கு வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கிறதாம். அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் இதற்குப் பெயர் சோம்பேறித்தனம்.

நான் அங்கே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பயிற்சியாளன். இருபது மெஷின்கள் ஒரே நேரத்தில் தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை மாதிரி சத்தம் போடும். அதற்கு நடுவில் நான் நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிடுவேன். (சில நாள் மெஷின் மேலேயே. நெற்றியில் எழுத்து பதிந்தபடி டீ குடிக்கப் போயிருக்கிறேன்.) பிள்ளைகள் என் குறட்டையின் தாளத்துக்கு ஏ, எஸ், டி, எஃப் அடிக்கப் பழகிக்கொண்டார்கள். சிக்கல் என்னவென்றால், குறட்டை நடுநடுவே பட்டென்று நின்றுவிடும். அதோடு சேர்ந்து மூச்சும். அப்போது இருபது மெஷினும் நின்றுபோகும். எல்லோரும் என்னையே பார்ப்பார்கள். அப்புறம் எனக்கு ஒரு பெரிய இழுப்பு வரும், மெஷின்களும் மறுபடி ஓடும்.

முதலாளி ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்தாய்யா, ஒண்ணு தூக்கத்த வுடு, இல்ல வேலைய வுடு."

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி பச்சையம்மாள் விழுப்புரத்தை அடுத்த கெடார்க்காரி. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்கிற குடும்பம். மூச்சு நிற்கிற சங்கதியை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். என்னை ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் கரண்டியால் நாக்கை அழுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தொண்டையில ரெண்டு பக்கமும் டான்சில் எலுமிச்சங்கா மாதிரி நிக்குது. மூச்சு போறதுக்கு வழியே இல்ல. ஆபரேஷன் பண்ணலாமான்னு விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில கேளுங்க" என்றார்.

எனக்குக் கத்தி என்றால் பயம். சவரக் கடைக்கே துணைக்கு ஆள் தேடுகிற ரகம். அதனால் யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். இப்படியே மாதங்கள் போயின.

செய்தி கெடாருக்குப் போனது. மாமனார் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். பெரிய மீசை, பெரிய குரல்.

"தூங்குறதுக்கு எவனாவது ஆபரேஷன் பண்ணிக்குவானா? பேஜாரு புடிச்ச வேல. மாப்ள, நீங்க பொறப்படுங்க. ஊருக்கு வந்து ஒரு தூக்கம் தூங்குங்க. நாலு பேரு பாத்து முடிவு பண்ணிக்கலாம்."

நாலு பேர் என்றது பேச்சுக்கு என்று நினைத்தேன். கெடாரில் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். மத்தியானம் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டு, கூடத்தின் நடுவில் பாய் விரித்து என்னைப் படுக்க வைத்தார்கள். சுற்றிலும் உட்கார்ந்துகொண்டார்கள். பெண் பார்க்கும்போது பச்சையம்மாளைக்கூட இவ்வளவு பேர் பார்க்கவில்லை.

நின்றால் தூங்குகிறவன், நடந்தால் தூங்குகிறவன், அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை! கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். யாரோ வெற்றிலை மெல்லுகிற சத்தம். யாரோ, "இன்னாய்யா, இன்னும் ஆரம்பிக்கல?" என்றார்கள். சமையல்கட்டு வாசலில் பச்சையம்மாள் நிற்பது தெரிந்தது. அவள் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று எனக்கு வேகம் வந்தது. குறட்டை விட ஆரம்பித்தேன்.

ஆனால் என் குறட்டை எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நாடகத்தில் ராஜா தூங்குகிற மாதிரி, அளவாக, மரியாதையாக, இழுத்து இழுத்து விட்டேன். மூச்சை நிறுத்தவேண்டும் என்பது மறந்தே போயிற்று.

மாமனார் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "இதுக்கா ஆபரேஷனு? எங்கூட்டு எருமை இதவிட நல்லா வுடும்!"

சபை கலைந்தது. பச்சையம்மாள் பாயைச் சுருட்டுகிற சாக்கில் என் காதருகே குனிந்தாள். "யாரு உங்கள நடிக்கச் சொன்னா? நாந்தான் பொய்க்காரின்னு ஆயிப்போச்சு, இல்ல?"

அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலை திண்டிவனத்துக்குப் புறப்பட்டோம். விழுப்புரத்தில்தான் பஸ் மாறவேண்டும். "அப்படியே ஆஸ்பத்திரியில காட்டிட்டுப் போறோம்" என்று பச்சையம்மாள் பிடிவாதம் பிடித்தாள். ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரிடம் நேரிலேயே சொல்லிவிடுவதற்காக மாமனாரும் கூட ஏறினார். பெண்கள் பக்கம் முன்னால் அவள். பின்னால் ஜன்னலோரம் நான், பக்கத்தில் மாமனார். பஸ்ஸில் மூட்டையும் ஆளுமாக நெரிசல்.

இனிமேல் வருவது நான் கேள்விப்பட்டது. கெடார் எல்லை தாண்டுவதற்குள் நான் தூங்கிவிட்டேன். அசல் தூக்கம். குறட்டை பஸ் இன்ஜினை அமுக்கிவிட்டதாம். மாமனார் முதலில் அசடு வழிந்தார், அப்புறம் ஆச்சரியப்பட்டார். அப்போது குறட்டை நின்றது. மூச்சும் நின்றது. வாய் பிளந்திருந்தது. எனக்குத் தூக்கத்தில் கண் பாதி திறந்திருக்கும். இமைக்குக் கீழே வெள்ளை தெரியும்.

"மாப்ள!" என்றார். "மாப்ளா!" என்றார். பிறகு எழுந்து நின்று தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, மாப்ள பூட்டாரே!"

முன்னாலிருந்து பச்சையம்மாள் கத்தினாள்: "தோள புடிச்சு உலுக்குங்கப்பா! ஒண்ணும் ஆவல, உலுக்குங்க!" அந்தக் கூச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவள் அழுகிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவளால் நகர முடியவில்லை.

கண்டக்டர் விசில் அடித்து பஸ்ஸை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். "யோவ், ஜல்தி பாடிய எறக்கு. பாடிய ஏத்திக்கினு போனா பர்மிட்டு பூடும்" என்றார். விழுப்புரம் மார்க்கெட்டுக்குப் பூ கொண்டுபோன ஓர் அம்மா, "பாவம், சின்ன வயசு" என்று கூடையிலிருந்து ஒரு சாமந்தி மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டார். யாரோ என் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டக் கயிறு தேடினார்கள்.

மாமனாரின் ஒப்பாரி உச்சத்துக்குப் போனது. "வேணாம் வேணாம்னு என் மனசு அடிச்சிக்கிச்சே! தரகன் பேச்ச கேட்டு இந்தத் தூங்குமூஞ்சிக்குப் பொண்ண குடுத்தேனே!"

இந்த வரி காதில் விழும்போதுதான் எனக்கு மூச்சு திரும்பியது. வறண்ட கிணற்றில் வாளியை இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்ததாம். கண்ணைத் திறந்தேன். முன்னால் முப்பது முகங்கள்.

"விழுப்புரம் வந்துடுச்சா?" என்றேன்.

பூக்கார அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடினார். கயிறு தேடியவர் ஜன்னல் வழியாகவே இறங்கிவிட்டார். கண்டக்டர் மட்டும் நிதானமாக, "உயிரோட இருக்கறவங்கல்லாம் ஏறுங்க" என்றார்.

மீதி வழியெல்லாம் நானும் மாமனாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் மனதில் இருந்தது எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. மாலையைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மா கையால் தொடவில்லை. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆடு அதைத் தின்றது.

ஆஸ்பத்திரியில் மாமனார் டாக்டரிடம் சொன்ன முதல் வார்த்தை: "வெட்டுங்கய்யா. இன்னிக்கே வெட்டுங்க."

டாக்டர் வயதானவர், பொறுமைசாலி. என் தொண்டையைப் பார்த்துவிட்டு எங்களை பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"எடுத்தா கொறையலாம். முழுசா போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். மயக்கம் குடுக்கறதுல இன்னொரு ஆபத்து இருக்கு. தூங்கினாலே மூச்சு நிக்கிற ஆளு இவரு. யோசிச்சுச் சொல்லுங்க."

"ஆபரேஷன் பண்ணலன்னா?" என்று பச்சையம்மாள் கேட்டாள்.

"இப்படியே ரொம்ப வருஷம் ஓடலாம். ஓடாமலும் போகலாம்."

அப்போது பச்சையம்மாள் ஒன்று சொன்னாள். அதை அவள் இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. பின்னாளில் மாமனார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"தெனம் நாந்தான் தட்டித் தட்டி மூச்சு வுட வைக்கிறேன் டாக்டர். நான் அசந்து தூங்கிப் பூட்டேன்னா இன்னா ஆவறது?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "மயக்கம் வேணாம். தொண்டை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துடலாம். ஆனா இவர் முழிச்சிக்கிட்டே இருக்கணும்" என்றார்.

"இருப்பாரா?" என்றார் மாமனார் சந்தேகமாக.

"இருக்க வைக்கிறது என் பொறுப்பு. எதுக்கும் அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும். என்ன சார், சம்மதமா?"

மூவரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் பெஞ்சில் சுவரோடு சாய்ந்து, வாயைப் பிளந்து, நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

"சம்மதமாம்" என்றாள் பச்சையம்மாள். "நாள் குறிங்க."

ஆபரேஷன் நடந்த காலையைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. என் இளமையில் நான் முழுசாக விழித்திருந்த காலை அது ஒன்றுதான். எலுமிச்சை இரண்டையும் கிண்ணத்தில் போட்டுக் காட்டினார்கள். ஒரு வாரம் ஐஸும் கஞ்சித் தண்ணீரும் சாப்பாடு. பிறகு குறட்டை பாதியானது, மூச்சு நிற்பது எப்போதாவது என்று ஆனது, வேலையும் தப்பியது. (தாளம் போய்விட்டதென்று பிள்ளைகளுக்குத்தான் வருத்தம்.) பச்சையம்மாள் பிறந்த வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தூங்கினாள். எழுப்பவேண்டாம் என்று மாமனார் வாசலில் காவல் உட்கார்ந்திருந்தாராம்.

ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் சம்மதத்துக்கு இருந்த மரியாதை போயே போயிற்று. மனை வாங்கியது, மாடி எடுத்தது, பெரியவனை எந்தப் படிப்பில் சேர்ப்பது, எதற்கும் என்னைக் கேட்டதில்லை. பெண்ணுக்கு வரன் பார்த்து முடித்த அன்று சம்பந்தி வீட்டார் மட்டும் முறையாக விசாரித்தார்கள்: "பொண்ணோட அப்பாவை ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா?"

"கேட்டாச்சுங்க" என்றாள் பச்சையம்மாள். "கொறட்டை வுட்டாரு. சம்மதந்தான்."

வீடே சிரித்தது. நான் எதிர் நாற்காலியில் கண்ணை அகலத் திறந்துகொண்டு, கையில் காபியோடு உட்கார்ந்திருந்தேன்.