விரலால் ஒயில் பார்க்கிறவர்

கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையில் எங்கேயாவது ஒரு வாகனத்தின் பொனற்றைத் திறந்து வைத்துப் பாருங்கள். கூப்பிடவே வேண்டாம்; ஐந்து நிமிடத்துக்குள் அவர் வந்துவிடுவார். சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸலாம் சொல்லிக்கொண்டு, உங்கள் அனுமதி என்ற அற்ப விசயத்தைத் தாண்டிக் கையை உள்ளே விட்டு, ஒயில் பார்க்கும் கம்பியை உருவி, நுனியில் ஒட்டியதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து உரசி, கண்ணை மூடி, மூக்கருகே கொண்டுபோய் ஓர் இழுப்பு இழுத்து, அதன்பிறகுதான் வாயைத் திறப்பார். அவரிடம் இருக்கும் தீர்ப்புகள் இரண்டே இரண்டு. ஒன்று, கட்டி. மற்றது, தண்ணி. இவர்தான் விரல் நிபுணர். மெக்கானிக் என்று நினைத்துவிடாதீர்கள். மெக்கானிக்குக்குச் சில வேளைகளில் சந்தேகம் வரும்.

ஒயில் கேனில் இரண்டு இலக்கங்கள் போட்டிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். எஞ்சின் குளிர்ந்து கிடந்து புறப்படும்போது ஒயில் எப்படி ஓடும் என்று முதலாவது இலக்கம் சொல்லும். கொதிக்கக் கொதிக்க வேலை செய்யும்போது எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்று இரண்டாவது சொல்லும். எந்தச் சூட்டுக்கு எந்த ஒயில் என்று வண்டியைச் செய்தவன் புத்தகத்தில் அட்டவணையே போட்டுக் கொடுத்திருக்கிறான். நிபுணர் அதை வாசிப்பாரா? விரல் இருக்கிறவருக்குக் கண் எதற்கு?

நம்முடைய மீராமுகைதீனை எடுத்துக்கொள்வோம். கட்டாரில் ஓர் அறபியின் காரை ஏழு வருடம் ஓட்டியவர். அந்த ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட அந்தக் காரின் பொனற்றைத் திறக்க அறபி அவரை விடவில்லை. அறபி விவரமான மனிதன். ஊரில் அப்படித் தடுக்க ஆளில்லை. அதிலும் தங்கச்சி றபீக்காவைக் கலியாணம் முடித்த றமீஸால் தடுக்கவே முடியாது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியிருக்கிறவன். மனைவியின் வளவில் நின்றுகொண்டு மனைவியின் காக்காவிடம், அதாவது அவளுடைய அண்ணனிடம், "இல்லை" என்று சொல்ல எட்டு வருடமாக றமீஸுக்கு வாய் வரவில்லை.

அன்று காலையில் றமீஸுக்கு அவசரம். சாகாமத்து வயல் வட்டையில் அவனுடைய மூன்று ஏக்கர் வேளாண்மையும் வெட்டி, நெல் களத்தில் குவிந்து கிடந்தது. அது வீட்டுக்கு ஒரு வருடச் சோறு, அடுத்த போகத்துக்கு விதை. தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் நாலு நடை ஏற்றிவிட வேண்டும் என்று அவன் உழவு இயந்திரத்துக்கு இழுவைப் பெட்டியை மாட்டிக்கொண்டிருந்தபோது, மச்சான் மீராமுகைதீன் வந்து கம்பியை உருவினார். பனியில் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த எஞ்சின். உரசினார், மூடினார், இழுத்தார்.

"கட்டி," என்றார். "இதோட போனா மெசின் மூச்சுத் திணறும் மச்சான்."

திணறக்கூடாதே! மச்சான் தன் மகனின் புதுக் காருக்கு வாங்கி வைத்திருந்த மெல்லிய ஒயிலில் இரண்டு கேன் உடனே வந்தது. புத்தகத்தில் சூட்டுக்குத் தடித்த ஒயில்தான் போட்டிருக்கிறது என்று றமீஸ் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். புத்தகம் எழுதினவன் சாகாமத்துக்கு வந்தானா என்று மச்சான் கேட்டார். அகப்பையோடு றபீக்கா நின்ற குசினி வாசலை றமீஸ் பார்த்தான். காக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று றபீக்காவின் முகம் சொன்னது. பழைய ஒயில் வடிந்தது, புதியது ஏறியது. அந்தக் குளிரில் இயந்திரம் பூனை போலப் புறப்பட, நிபுணர் சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

முதல் நடை நல்லபடியாகத்தான் போயிற்று. இரண்டாவது நடையில், உச்சி வெயிலில், பாரத்தோடு வரம்பு மேட்டில் ஏறும்போது ஒயில் லைட் சிவந்தது. உள்ளே ஏதோ தட்டத் தொடங்கியது. றமீஸ் நிறுத்துவதற்குள் எஞ்சின் தானே நின்றுவிட்டது. அவனுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

தகவல் கேட்டு மச்சான் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். வானத்தைப் பார்த்தாரா? இல்லை. நெல்லைப் பார்த்தாரா? அதுவும் இல்லை. நேரே போய்க் கம்பியை உருவினார். கொதித்துக் கிடந்த ஒயிலை விரல் சுடச் சுட உரசினார்.

"தண்ணி," என்றார். "ஆரு மச்சான் மெசினுக்கு இந்தத் தண்ணிய ஊத்தின?"

எட்டு வருடத்தில் முதல் தடவையாக றமீஸுக்கு வாய் வந்தது.

"நீங்கதான் மச்சான்."

நிபுணரின் கண் இமைக்கவில்லை. "அது காலையில சொன்னது. இப்ப பகல்."

பாருங்கள், அந்த இரண்டு இலக்கங்களின் முழு விளக்கத்தையும் மனிதர் தன்னையறியாமல் சொல்லிவிட்டார். ஆனால் அவர் காதுக்கு அது கேட்கவில்லை.

அஸர் தொழுகைக்கு முன்னமே மழை கொட்டியது. இருந்த ஒரு படங்கு குவியலில் பாதியைத்தான் மூடியது. மூன்றாம் நாள் மிச்ச நெல்லில் வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. அன்றைக்குத்தான் காரைதீவிலிருந்து மெக்கானிக் நல்லரெத்தினம் வந்து, களத்தோரம் எஞ்சினைப் பிரித்து, பெயாரிங் எல்லாம் தேய்ந்து போயிற்று என்று காட்டினார். பக்கத்தில் குந்திக்கொண்டு, அது ஏன் தேய்ந்தது என்று நல்லரெத்தினத்துக்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தார் மீராமுகைதீன். முளைத்ததையும் முளைக்காததையும் கையால் பிரித்துக்கொண்டிருந்த றபீக்கா நிமிர்ந்தாள். அவள் சத்தம் போடவில்லை.

"காக்கா, அந்தக் கையக் கழுவிட்டு வாங்க. நெல்லுப் பிரிக்க ஆள் காணாது."

அவருக்கு நேரமில்லையாம். கடற்கரையில் சாமித்தம்பியின் போட் எஞ்சினை ஒருக்கால் பார்க்க வேண்டுமாம். போய்விட்டார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் றமீஸின் இயந்திரம் எந்த மொடல், எத்தனை வருடப் பழசு என்று இங்கே ஒருவரும் உங்களுக்குச் சொல்லவில்லை. இருந்தும், "அதுக்கு இந்த ஒயிலைத்தான் போட்டிருக்க வேண்டும்" என்று ஓர் இலக்கம் உங்கள் நாக்கு நுனிக்கு வந்ததா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள். வந்திருந்தால், எழும்பிப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள். சாகாமத்தில் றபீக்கா இன்னும் நெல்தான் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.