ஏழு முட்டைகளும் மிதந்த காலை

என் கணவரையும் அவருடைய அண்ணனையும் ஒரே காலையில் கொன்றுவிட்டேன் என்று நான் கிட்டத்தட்ட நான்கு மணித்தியாலம் நம்பிக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஆயுதம், அவித்த முட்டை. இதை இவ்வளவு தைரியமாக இன்று எழுதுவதற்குக் காரணம், நான் வாழ்க்கைப்பட்ட கடற்கரை ஊரான ஓலைத்தொடுவாயில் இந்தக் கதை தெரியாத ஆள் இனி ஒருவரும் மிச்சமில்லை என்பதுதான்.

நான் வெள்ளாங்குளத்துப் பெண். எங்கள் வீட்டில் வயல், மாடு, கோழி. கடல் என்றால் எனக்கு மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, ஹோர்ன் அடித்தபடி ஒழுங்கைக்குள் வரும் மீன்தான். அந்த மோட்டார் சைக்கிளில் வந்த அமலைத்தான் கட்டினேன். (மீன் நல்ல மீன். அம்மா இன்றுவரை அதை மட்டும்தான் ஒப்புக்கொள்கிறார்.) அமலின் வீடு வேதக்கார (கத்தோலிக்க) வீடு, எங்களுடையது சைவ வீடு. இரண்டு பக்கமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சம்மதித்தார்கள். ஆகவே புகுந்த வீட்டில் முதல் இரண்டு மாதமும் பரீட்சை மண்டபத்தில் இருப்பதுபோலவே இருந்தேன். மாமி திட்டவும் மாட்டார், புகழவும் மாட்டார். நான் வைத்த குழம்பை வாயில் விட்டுப் பார்த்து "ம்" என்பார். அந்த "ம்" எத்தனை புள்ளி என்று தெரியாமல் எனக்கு நித்திரை வராது.

அம்மா முதல்முறை எங்களைப் பார்க்க வந்தபோது, ஓலைப் பெட்டியில் உமி பரப்பி ஒரு டசின் ஊர்க்கோழி முட்டை கொண்டுவந்தார். மூன்று வேளையும் மீன் தின்கிற வீடு. முட்டையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டி அலுமாரிக்கு மேலே மூன்று கிழமைக்கு மேல் கிடந்தது. என் அம்மா வீட்டுச் சீர் தூசி பிடிக்கிறதே என்று எனக்கு ரோசம். ஒருநாள் விடியற்காலை ஐந்து முட்டையை அவித்து, பிட்டோடும் சம்பலோடும் பார்சல் கட்டிக் கொடுத்தேன். அமலும் அத்தானும் (அதாவது அமலின் அண்ணன், படகு எஞ்சினைத் தனியாளாகத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்) கடலுக்குப் போனார்கள். மாமி கிணற்றடியில் ஏதோ வேலையை முடித்துவிட்டு, ஏழு மணி பஸ்ஸில் மன்னாருக்கு, பிறசர் கிளினிக்குக்குப் போனார்.

எட்டு மணிக்கு நான் போனை எடுத்தேன். எடுத்திருக்கக்கூடாது.

வீடியோ ஒன்றில் ஒரு பெண் முட்டையைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். பழைய முட்டையைத் தண்ணீரில் போட வேண்டுமாம். அடியில் படுத்தால் புதுசு. நிமிர்ந்து நின்றால் பழசு, உடனே சமைக்க வேண்டும். மிதந்தால் எறிந்துவிட வேண்டும். எறியாமல் தின்றவர்களுக்கு என்னவெல்லாம் வரும் என்பதையும் அதே சிரிப்போடு சொன்னாள். காய்ச்சல், வாந்தி (எங்கள் ஊரில் சத்தி), வயிற்றோட்டம், சிலருக்கு ஆஸ்பத்திரி.

ஐந்து முட்டை கடலுக்குப் போய்விட்டது. மிச்சம் ஏழு.

எங்கள் பக்கம் குடிதண்ணீர் பவுசர் லொறியில் வருவது, அதைச் சோதனைக்குச் செலவழிக்க மனம் வரவில்லை. கிணற்றடியில் ஒரு நீல வாளி நிறையத் தெளிந்த தண்ணீர் நின்றது. முதல் முட்டையை விட்டேன். கீழே போவதுபோலப் போக்குக் காட்டிவிட்டு மேலே வந்தது. இரண்டாவது, போக்குக்கூடக் காட்டவில்லை. ஏழும் மிதந்தன. வாளிக்குள் ஏழு மொட்டந்தலைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒன்றைக் கோப்பையில் உடைத்து மணந்து பார்த்தேன். பக்கத்து வளவில் ஸ்டெல்லாக்காவின் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் எங்கள் முற்றத்தில் நின்று முகப் பவுடரை மணந்தாலும் கருவாடுதான் மணக்கும். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. முட்டை நாறுகிறது என்றே முடிவுகட்டினேன்.

அமலுக்குப் போன் எடுத்தேன். தொடர்பில்லை. பத்துத் தரம் எடுத்தேன். ஒவ்வொரு தரமும் அந்த இயந்திரப் பெண் மிகவும் மரியாதையாக அவர் எல்லைக்கு வெளியே என்று சொன்னாள். எந்த எல்லைக்கு வெளியே? நடுக்கடலில் இரண்டு பேரும் சுருண்டு கிடக்க, படகு தன்பாட்டில் இந்தியாப் பக்கம் மிதந்து போவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. கட்டி இரண்டு மாதம். நான் அழத் தொடங்கினேன்.

சத்தம் கேட்டு ஸ்டெல்லாக்கா வேலியால் எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, ஏன் அழுறாய்?"

"அக்கா, பழுதான முட்டையைக் குடுத்திட்டன். ரெண்டு பேரும் கடலுக்குக் கொண்டு போயிட்டினம்."

ஆறுதல் சொல்வார் என்று பார்த்தேன். அவர் நெஞ்சில் சிலுவை போட்டார். "ஐயோ, எங்கட சின்னையாவும் இப்பிடித்தான், முட்டையைத் திண்டுபோட்டு மூண்டு நாள் கக்கூசை விட்டு வெளிய வரேல்லை. அதுவும் தரையில! இது கடல்!"

அவருடைய கணவர் சூசையண்ணையின் படகு அன்று கரையில் நின்றது. அமலும் அத்தானும் வலை போடும் இடம் தனக்குத் தெரியும், போய்க் கூட்டிவருகிறேன் என்றார் சூசையண்ணை. அதோடு நான் கரையில் நின்று மாதாவைக் கும்பிட்டிருக்கலாம். ஆனால் பயம் பிடித்தவளுக்கு இருப்புக்கொள்ளுமா? பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன். வாழ்க்கையில் அதற்கு முன் நான் ஏறிய ஒரே மிதக்கும் பொருள், எங்கள் குளத்தில் வாழைத்தண்டு.

கடல் அன்று நல்ல அமைதி என்று சூசையண்ணை பிறகு சொன்னார். எனக்குத் தெரியாது. நான் படகின் விளிம்பைக் கட்டிப்பிடித்து, போகிற வழி முழுக்கச் சத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். இடையிடையே பிள்ளையாரையும் கூப்பிட்டேன், அந்தோனியாரையும் கூப்பிட்டேன். அந்த நிலைமையில் மதம் பார்க்க முடியவில்லை.

கடைசியில் அவர்களின் படகு தெரிந்தது. இரண்டு உருவங்கள். இரண்டும் நிமிர்ந்து நின்றன. அத்தான் பாட்டு ஒன்றை விசிலடித்தபடி வலை இழுத்துக்கொண்டிருந்தார். அமல் என்னைக் கண்டு பதறிப்போனார்.

"சுதா! உனக்கென்ன நடந்தது? என்னத்தைச் சாப்பிட்டனீ?"

"நான் ஒண்டும் சாப்பிடேல்லை! நீங்கள் முட்டை சாப்பிட்டனீங்களோ?"

"ஓம், நான் ரெண்டு, அண்ணை மூண்டு. நல்லாத்தானே இருந்தது."

"அது பழுதப்பா! மிச்சத்தைத் தண்ணியில போட்டுப் பாத்தனான், எல்லாம் மிதந்திட்டுது!"

விசில் நின்றது. அத்தான் மெல்லக் கையை வயிற்றில் வைத்தார். "எனக்குக் காலமை தொட்டு ஒரு மாதிரித்தான் கிடந்தது," என்றார். (அதே வாய்தான் விசிலடித்தது.) பிறகு வலையை விட்டுவிட்டு அப்படியே குந்தினார். "மடுத் தாயே! எடேய் அமல், என்ர பிள்ளையளைப் பாத்துக்கொள்ளடா!" தானும் இரண்டு முட்டை தின்றவன் என்று அமல் ஞாபகப்படுத்தியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அமலின் முகமும் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்ததும்தான் நான் உண்மையாகவே உடைந்தேன். என்னால் ஒரு மனிசன் சாகப்போகிறான், அவனும் என்னைப் பார்த்து "அழாத" என்கிறான்.

வலையைப் பாதியில் விட்டுத் திரும்பினோம். கரைக்கு வந்தபோது பாதி ஊர் நின்றது. ஸ்டெல்லாக்கா ஆட்டோவும் பிடித்து, தேசிக்காய் பிழிந்த தண்ணீரும் கரைத்து வைத்திருந்தார். அத்தானை நான்கு பேர் தூக்கி மணலில் கிடத்தினார்கள். அந்த நேரம் பார்த்து, மருந்துப் பையோடு மாமி பஸ்ஸால் இறங்கி வந்தார்.

கூட்டம் விலகியது. மாமி இரண்டு மகன்மாரையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய் அவர் காலில் விழுந்தேன்.

"மாமி, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பழுதான முட்டையைக் குடுத்திட்டன். மிதந்தது மாமி, ஏழும் மிதந்தது!"

"எதுக்குள்ள மிதந்தது?"

"தண்ணிக்குள்ள."

"எந்தத் தண்ணி?"

"கிணத்தடியில… நீல வாளி."

மாமியின் மேலுதடு மெல்லத் துடித்தது.

"அது கருவாட்டுக்குக் கரைச்ச உப்புத் தண்ணி, பிள்ளை. முட்டை மிதக்குமட்டும் உப்பைக் கொட்டிக் கரைச்சு வைச்சிட்டுப் போனனான். உன்ர முட்டையில ஒண்டை எடுத்துத்தான் பதம் பாத்துப்போட்டுத் திரும்ப வைச்சனான்."

அந்தக் கரையில் மீனைக் காயப்போடுவதற்கு முன் உப்புத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். உப்பை யாரும் அளப்பதில்லை. முட்டையைப் போட்டு, அது மிதந்தால் உப்புப் போதும். ஊர் முழுக்க முட்டையைக் கொண்டு தண்ணீரைச் சோதிக்க, நான் ஒருத்திதான் அந்தத் தண்ணீரைக் கொண்டு முட்டையைச் சோதித்திருக்கிறேன். காலையில் இட்ட முட்டையும் அதில் மிதந்திருக்கும்.

முதலில் சிரித்தது சூசையண்ணை. பிறகு கரை முழுக்கச் சிரித்தது. அத்தான் எழும்பி, மணலைத் தட்டிவிட்டு, "பசிக்குது," என்றார். அன்று முட்டையால் சத்தி எடுத்த ஒரே ஆள், முட்டையே தின்னாத நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் மாமி குடிதண்ணீரில் மிச்சம் ஆறையும் போட்டார். இரண்டு படுத்தன, நான்கு தலையைத் தூக்கி நின்றன. ஒன்றும் மிதக்கவில்லை. "பழசுதான். இனி வைக்கேலாது. ஒவ்வொண்டாக் கோப்பையில உடைச்சுப் பார். பழுதெண்டால் உடைச்ச உடனயே நாத்தம் மூக்கில அடிக்கும். இண்டைக்கே பொரி," என்றார். (மணக்கும்போது கருவாட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.) நான் நன்றாக வேகவிட்டுப் பொரித்துக் கொண்டுவந்தேன். யாரும் கை வைக்கவில்லை. மாமிதான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லோருக்கும் முன்னால் முதல் துண்டை வாயில் வைத்தார். என்னைப் பார்த்து "ம்" என்றார். அதற்கு எத்தனை புள்ளி என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. நான் குசினிக்குள் போய் அழுதேன்.

இப்போது அந்த வீட்டில் உப்புக் கரைப்பது நான்தான். மாமி வாளியை எட்டியும் பார்ப்பதில்லை. அத்தான் மட்டும் தனக்கு அன்று உண்மையாகவே வயிறு குத்தியது என்று இன்னும் சாதிக்கிறார். எங்கள் மகளுக்கு ஐந்து வயது. அவளுக்கு "அ" எழுத வருவதற்கு முன்பே, அவித்த முட்டையைத் தட்டில் வைத்தால் தகப்பனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, மிகவும் பயந்தவள்போல என்னிடம் கேட்கப் பழகிவிட்டாள்:

"அம்மா, எந்த வாளி?"