சம்பந்திக்கு, அலைப் போர்வை விரிந்துபோவது பற்றி

பஃபலோ ரோடு புளோக், ஒன்பதாம் மாடி
திங்கட்கிழமை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு

அன்பும் மரியாதையும் உள்ள சம்பந்தி ரத்தினம்மா அவர்களுக்கு அந்தோனியம்மாள் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம். நம் பேத்தி கேட்லின் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் உலகமே முடிந்துபோன மாதிரி அழுகிறாள், பால் கொடுத்ததும் உலகம் மறுபடி தொடங்கிவிடுகிறது. உங்கள் மகள் தாரணி நன்றாகச் சாப்பிடுகிறாள். நீங்கள் கொடுத்தனுப்பிய பூண்டுக் குழம்பைத்தான் முதலில் காலி செய்தாள், நான் செய்த சுறாப்புட்டு அடுத்த நாள்தான் தீர்ந்தது, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. உட்லண்ட்ஸில் நீங்களும் மாணிக்கம் அண்ணனும் சுகமாக இருக்க மாதாவிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் மாரியம்மனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், இரண்டு பக்கமும் சொல்லிவைப்பது நல்லதுதானே.

நேற்று தாரணி உங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பையைப் பிரித்தேன். உள்ளே நீங்கள் குரோஷே ஊசியில் பின்னிய அலைப் போர்வை, அதன்மேல் ஒரு துண்டுச் சீட்டு, "சம்பந்தி, இது ஏன் இப்படி விரியுது? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், மாணிக்கம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பார். ஊசி விஷயம் சிரித்துக்கொண்டே கேட்கிற விஷயமில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் அந்த ஐந்து வகுப்பிலும் கையெழுத்துக்கு நான்தான் முதல், அதனால் எழுதியே அனுப்புகிறேன், பத்திரமாக வைத்துக்கொண்டு பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கோயிலில் ஞானஸ்நானம், அன்று சாயங்காலம் உங்கள் வீட்டில் தொட்டில். காலையில் குழந்தையைச் சுற்ற என் போர்வை, சாயங்காலம் தொட்டிலில் விரிக்க உங்கள் போர்வை, இதுதானே நாம் பேசிக்கொண்டது? காலையைப் பற்றி நீங்கள் கவலையே பட வேண்டாம். என்னுடையது முடிந்து, இஸ்திரியும் போட்டு, அலமாரியில் இருக்கிறது. ஃபாதரிடம் சொல்லியாகிவிட்டது, பாட்டுக் குழுவிடம் சொல்லியாகிவிட்டது, லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. யாருக்கும் காட்டத்தான் இல்லை, கண் பட்டுவிடும். தாரணிகூட இரண்டு தரம் கேட்டாள், அலமாரிச் சாவியைக் காணோம் என்று சொல்லிவிட்டேன். ஆகவே இனி உங்கள் சாயங்காலத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

முதலில் அடிச் சங்கிலி. உங்களுடையதில் அடி ஓரம் வெயிலில் காய்ந்த வடகம் மாதிரி சுருண்டுகொள்கிறது. சங்கிலியை இறுக்கிப் போட்டிருக்கிறீர்கள். இது எல்லோருக்கும் வருவதுதான். நான் முதல் முறை போட்டபோது என் வீட்டுக்காரர், மேக்ஸ்வெல்லின் அப்பா, பக்கத்தில் உட்கார்ந்து, "சிங்கப்பூர் வெயில்ல பச்சப் புள்ளைக்குப் போர்வை எதுக்கு?" என்று கேட்டார், நான் பதில் சொல்லவில்லை, அந்தப் பதிலெல்லாம் நூலுக்குள் போய்விட்டது, சங்கிலி கம்பி மாதிரி ஆகிவிட்டது. நூல் கடை அப்துல் அலீம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னம்மா, புள்ளைக்கா போடுறீங்க, கப்பல் கட்டவா? அடிச் சங்கிலிக்கு மட்டும் ஒரு நம்பர் பெரிய ஊசி எடுங்க லா" என்றான். பெரிய ஊசியில் போட்டேன், தண்ணீர் மாதிரி படிந்தது. மேக்ஸ்வெல்லின் அப்பாவை ஹாலுக்கு அனுப்பினேன், அதுவும் உதவியது.

அடுத்தது அலை. ஏறும்போது பத்துக் கண்ணி, உச்சியில் ஒரே கண்ணிக்குள் மூன்று, இறங்கும்போது பத்து, பள்ளத்தில் இரண்டைத் தாண்ட வேண்டும். உச்சியில் கூட்டியதைப் பள்ளத்தில் கழிக்கிறோம், அவ்வளவுதான் கணக்கு. உச்சியை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம், பள்ளம்தான் மறந்துபோகும். மறந்தால் துணி பாவாடைக் கொசுவம் மாதிரி சிலுப்பிக்கொண்டு நிற்கும். உங்களுடையதில் நடுவில் ஓரிடத்தில் அப்படி இருக்கிறது, பரவாயில்லை. நான் ஒரு தரம் ஒரு முழத்துக்குப் பள்ளமே இல்லாமல் ஏறிக்கொண்டே போய்விட்டேன், அதைப் பார்த்துத் தாரணி, "அத்தை, இது போர்வையா, முட்டைக்கோஸா?" என்று கேட்டாள். உங்கள் மகளுக்கு வாய் யாரிடமிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு வண்ண நூலைத் துண்டு வெட்டிக் கட்டிவிடுங்கள், கை தானாக நிற்கும்.

நூல் உருண்டை மாற்றும்போது முடிச்சுப் போட்டு வெட்டிவிடாதீர்கள். முடிச்சு அவிழும், ஓட்டை விழும், பிள்ளை அதற்குள் விரலை விட்டுக்கொள்ளும். வால் நூலை ஒரு சாண் விட்டு, முனை மழுங்கிய ஊசியில் கோத்து, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் உள்ளேயே ஓட்டிவிட வேண்டும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், துவைத்துப் பார்த்ததில் தெரியும்.

இப்போது நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் போர்வையை மெத்தையில் விரித்து எண்ணினேன். ஒரு ஓரம் சுவர் மாதிரி நேராக இருக்கிறது. மறு ஓரம்தான் போகப் போக வெளியே போகிறது. தொடக்கத்தில் எண்பது கண்ணி, கடைசி வரிசையில் நூற்றுப் பதினெட்டு. இது கை செய்த தப்பு இல்லை, பழக்கம் செய்த தப்பு என்று எனக்கு அப்போதே பட்டது. தாரணியைக் கூப்பிட்டு, "உங்கம்மா எப்படிம்மா எண்ணுவாங்க?" என்று கேட்டேன். அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே, "போற வரிசைய எண்ண மாட்டாங்க அத்தை, வர்ற வரிசைய மட்டும் எண்ணுவாங்க. எண்ணி முடிச்சதும் ஒண்ணு கூடப் போட்டுக்குவாங்க. நல்ல காரியத்துக்கு மொட்டையா முடிக்கக் கூடாதாம்" என்றாள். பார்த்தீர்களா! கல்யாணத்தில் நூறு வைக்காமல் நூற்றொன்று வைக்கிறோமே, அது கவருக்குள் சரி, கண்ணிக்குள் சரியாகுமா? பேத்தி மேல் உள்ள ஆசையில் வரிசைக்கு வரிசை மொய் எழுதியிருக்கிறீர்கள்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு, அதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கோயிலில் ஒரு அம்மா, பெயர் வேண்டாம், மரியாதைப்பட்டவர்கள். அவர்கள் போகிற வரிசையை வாயால் எண்ணுவார்கள், வருகிற வரிசையை ஜெபமாலையால் எண்ணுவார்கள், அருள்நிறை மரியே ஒன்றுக்கு ஒரு கண்ணி. நல்ல யோசனைதான், ஒரே நேரத்தில் பிள்ளைக்குப் போர்வையும் ஆகும், ஜெபமும் ஆகும். ஆனால் கடைசிக் கண்ணிக்கு முன்னாலேயே கடைசி ஆமென் வந்துவிடும். ஆமென் சொன்ன பிறகு யாருக்காவது உட்கார்ந்திருக்கத் தோன்றுமா? ஊசியைத் திருப்பிவிடுவார்கள். ஓரத்தில் ஒரு கண்ணி பாக்கி நிற்கும். அடுத்த முறையும் அப்படியே. நூற்றிருபதில் தொடங்கியது எண்பதில் வந்து நின்றது, பாவம், மூன்று மாத வேலை. அதை விரித்துப் பார்த்து நான் அழுதேவிட்டேன், அந்த அம்மாவை நினைத்துத்தான்.

ஆகையால் என் புத்திமதி ஒன்றே ஒன்று. தயவு தாட்சண்யம் பார்க்காமல் முழுவதையும் பிரித்துவிடுங்கள். அங்கே இங்கே ஒட்டுப் போட்டு ஒப்பேற்ற முடியாது, தப்பு அடியிலிருந்தே வந்திருக்கிறது. பிரித்த நூலை நனைத்துக் காயப்போட்டால் சுருக்கம் போய்விடும். மறுபடி போடுங்கள், ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஆறு நாள் இருக்கிறது. கடவுள் உலகத்தையே ஆறு நாளில் முடித்தார், அவருக்குத் தொட்டில் வேலை, சமையல் வேலை இல்லை என்பது வேறு விஷயம். முடியாமல் போனாலும் மனம் விடாதீர்கள், சாயங்காலத்துக்கும் என் போர்வையையே தருகிறேன். நமக்குள் என்ன இருக்கிறது?

உங்கள் மருமகன் மேக்ஸ்வெல் நாளைக் காலையில் கிராஞ்சிக்கு வேலைக்குப் போகிற வழியில் உங்கள் போர்வையையும் இந்தக் கடிதத்தையும் ஒரே பையில் வைத்துத் தருவான். மாணிக்கம் அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், முட்டிக்குத் தைலம் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தை நம் இரண்டு வீட்டுக்கும் வெளிச்சமாக வளர, மாதாவும் உங்கள் ஆத்தாளும் சேர்ந்து பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பேத்தியின் இன்னொரு பாட்டி,
அந்தோனியம்மாள்

பின்குறிப்பு: பையைத் திறந்து தேடாதீர்கள், உங்கள் போர்வை அதில் இல்லை. மேலே எழுதிய எதையும் செய்யவும் வேண்டாம். நடந்தது என்னவென்றால், கடிதத்தை ஒட்டுவதற்குள் நான் குளிக்கப் போனேன், பையைக் கட்ட வந்த தாரணி பிள்ளைக்கு நாப்கின் தேடி அலமாரியைத் திறந்துவிட்டாள். சாவி பூட்டிலேயே இருந்திருக்கிறது. நான் வந்து பார்க்கிறேன், மெத்தையில் என் போர்வை, பக்கத்தில் உங்கள் போர்வை, நடுவில் உங்கள் மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "அத்தை, எங்கம்மாவுக்கு நாலு பக்கம் அட்வைஸ் எழுதிட்டு, நீங்க சமோசா பின்னி வச்சிருக்கீங்களா?" என்றாள். ஆமாம் சம்பந்தி, அந்தக் கோயில் அம்மா நான்தான். இஸ்திரி போட்டது மட்டும் உண்மை, இழுத்து இஸ்திரி போட்டால் நேராகிவிடும் என்று நினைத்தேன், ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் முன்னால் என்ன சொல்வது என்று ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. சிரித்து முடித்த தாரணி திடீரென்று வாயை மூடிக்கொண்டு, உங்களுடையதை இழுத்து என்னுடையதோடு ஒட்டிவைத்தாள். என்னுடையது உள்ளே போகிற இடத்தில் உங்களுடையது வெளியே வருகிறது, சரிவோடு சரிவு அப்படியே உட்கார்ந்தது, நான்கு மூலையும் தாள் மாதிரி நேராக! என் வெள்ளையையும் உங்கள் மஞ்சளையும் பார்த்து எங்கள் ஆட்கள் கோயில் கொடி என்பார்கள், உங்கள் ஆட்கள் மங்களம் என்பார்கள், யாரும் குறை சொல்ல முடியாது. காலைக்கும் சாயங்காலத்துக்கும் இது ஒன்றே போதும், பிள்ளையும் ஒன்றுதானே. சேர்த்துத் தைக்க ஆரம்பித்துவிட்டேன். உங்களுடையது உயரத்தில் மட்டும் நான்கு விரல் கட்டையாக இருக்கிறது, அதை நானே பின்னி முடிக்கிறேன், வருகிற வரிசைக்கு ஒன்று கூட்டித்தான், இல்லாவிட்டால் சேராது. யாராவது கேட்டால் பாதி பாதி என்று சொல்லிக்கொள்வோம். அளந்து பார்த்தேன், அகலத்தில் உங்கள் பங்குதான் இரண்டு அங்குலம் கூட வருகிறது. அதை மாணிக்கம் அண்ணனிடம் வாசித்துக் காட்ட வேண்டாம்.