கடையில் கிடைக்காத மரை

உலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காத சாமானை மட்டுமே நம்பி வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் ஸ்பெஷல் முசியேதான். அடித்துச் சொல்வேன்! முசியே என்றால் பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரில் விட்டுப்போன 'ஐயா'.

மூலக்குளத்தில் நாங்கள் வேலை பார்த்த மெழுகுவர்த்தி கம்பெனியில் மெஷினெல்லாம் அவர் பொறுப்பு. லோடு அனுப்புவது நான். கடையில் வாங்கிய ஒரு போல்ட்டைக்கூட மெஷினில் மாட்ட விடமாட்டார். "கடையில விக்கிறத போட்டா ஊருக்கெல்லாம் வர்ற வத்திதான்யா நமக்கும் வரும்!" என்பார். திருகின் மேல் சுற்றிச் சுற்றி ஓடும் மரைகூட அவரே கண்டுபிடித்த கணக்குதான். அதைக் கடைந்து தர நெல்லித்தோப்பில் லேத் பட்டறை வைத்திருந்த ஆரோக்கியத்தை விட்டால் ஆள் கிடையாது. அளவை எழுதியாவது வையுங்கள் என்றால், "எழுதுனா காப்பி அடிச்சிடுவானுங்க" என்று பதில் வரும். கடைசியில் அந்த அளவு ஆரோக்கியத்தின் கைக்கு மட்டுமே பழக்கம்.

மெஷினோடு நின்றாரா? முதலாளி அறைக்கும் சொந்தமாக ஒரு பூட்டு செய்து மாட்டினார். முதலாளி அறைக்குள் இருக்கும்போதே சாவி பூட்டுக்குள் உடைந்தது. ஆரோக்கியம் வந்து திறக்கும்வரை முதலாளிக்கு ஜன்னல் கம்பி வழியாக இட்லி ஊட்டினோம். சாம்பார்தான் பாதி சட்டையில் போயிற்று.

அப்புறம் வந்தது வேளாங்கண்ணித் திருவிழா. அங்கே கடைகளுக்குப் போகும் லோடுதான் எங்களுக்கு வருஷத்திலேயே பெரியது. அந்த நேரம் பார்த்து மெஷினின் முக்கியமான திருகு சுக்குநூறாகிவிட்டது!

"இந்த லோடு போவலன்னா நீங்களும் வர வேணாம் முசியே!" என்று முதலாளி கத்தினார்.

ஊரிலுள்ள லேத்துக்கெல்லாம் ஓடினோம். ஒருத்தர் உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இந்த ஒலகத்து மரையே இல்ல சார்" என்று கும்பிட்டார். ஆரோக்கியமோ வேண்டுதலுக்காக வேளாங்கண்ணிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார், செல்போனை வீட்டில் வைத்துவிட்டு!

பைக்கை எடுத்தேன். பின்னால் முசியே. கடலூர் தாண்டி, சிதம்பரம் தாண்டி, காவி கட்டி நடந்த கூட்டத்தில் முகம் முகமாகத் தேடி, கொள்ளிடம் பாலத்தில் ஆளைப் பிடித்தேவிட்டோம்!

"ஆரோக்கியம், வண்டியில ஏறு. திருகு போயிடுச்சி."

"இன்னா முசியே, வெளையாடுறீங்களா? எம் புள்ளைக்கு ஒடம்பு தேறுனதுக்கு நடக்கறேன். பாதியில வுட்டுட்டு வர மாட்டேன்."

முசியே பைக்கிலிருந்து இறங்கினார்.

"வுட வேணாம். மீதிய நான் நடக்கறேன்."

மாற்றுச் சாமானே ஆகாது என்று ஆயுசு முழுக்க அடம்பிடித்த மனுஷன், ஆரோக்கியத்துக்கு மாற்றாகத் தன்னையே மாட்டிக்கொள்கிறார்!

"மாதா ஒத்துக்குவாங்களா?" என்றார் ஆரோக்கியம்.

"அத நான் பேசிக்கிறேன். நீ போய் கடைஞ்சி குடு. அப்டியே அந்த அளவ எழுதி எல்லா லேத்துக்கும் குடுத்துடு."

ஆரோக்கியம் தன் ஜெபமாலையைக் கழற்றி முசியே கழுத்தில் போட்டுவிட்டு என் பைக்கில் ஏறினார்.

திருகு வந்தது, மெஷின் ஓடியது, லோடு ஏறியது! லாரியில் நானும் போனேன். நாகப்பட்டினம் நெருங்கும்போது ரோட்டோரம் நொண்டி நொண்டி ஓர் உருவம்.

"முசியே, ஏறுங்க! முதலாளி உங்கள வேலைக்கு வரச் சொல்லிட்டாரு!"

முகமெல்லாம் மலர்ந்தது. ஆனாலும் ஏறவில்லை.

"இது ஆரோக்கியத்தோட நடைய்யா. இதுல நான் எப்டி லாரி ஏறுவேன்?"

லாரியை முன்னால் போகச் சொல்லிவிட்டு நானும் இறங்கினேன். எனக்கு வேண்டுதல் எதுவும் கிடையாது. அவரைத் தனியாக நடக்க விட மனசு வரவில்லை.